கூடுமிடத்துக்கு விதி எழுதலாமா? ஆர்.எஃப்.சி. 8718 ஆவணமும் நம் தொழில்நுட்பக் குழுக்களும் – ஒரு திறனாய்வு

முன்னுரை

ஐ.இ.டி.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இணையப் பொறியியல் பணிக்குழு, இணையம் இயங்குவதற்கான நெறிமுறைகளை வகுக்கும் தன்னார்வ அமைப்பு. இதில் உறுப்பினர் கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டையும் இல்லை. விருப்பமும் அறிவும் உள்ள எவரும் பங்கு கொள்ளலாம். வேலையில் பெரும்பகுதி மின்னஞ்சல் வழியாகவே நடந்தாலும், ஆண்டுக்கு மூன்று முறை ஏதேனும் ஒரு நகரில் இவர்கள் நேரில் கூடுகிறார்கள். அப்படிக் கூடும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை விளக்கி 2020 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 8718 என்ற ஆவணத்தை இந்த அமைப்பு வெளியிட்டது.

இணைய நெறிமுறை எழுதுகிறவர்கள் கூட்ட அரங்குக்கும் சாப்பாட்டுக்கும் ஏன் விதி எழுத வேண்டும் என்ற கேள்வி எழலாம். இதே கேள்வி நம்மூர்க் குழுக்களுக்கும் உரியது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு, பைத்தான் குழு, கட்டற்ற மென்பொருள் குழுக்கள், விக்கிப்பீடியர்கள் எனப் பலர் மாதந்தோறும் அல்லது அவ்வப்போது கூடுகிறார்கள். உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் நாடு விட்டு நாடு சென்று தமிழ் இணைய மாநாடுகளை நடத்துகிறது. கூட்டத்தை ஏற்று நடத்த முன்வருபவரிடம் என்னென்ன எதிர்பார்க்கிறோம் என்பதை இவர்கள் எழுதி வைக்க வேண்டுமா?

எழுதி வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆனால் எதை எழுதுகிறோம் என்பதில் கவனம் தேவை. நடத்துபவரிடம் என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று தொடங்கினால் அந்த ஆவணம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். வருபவருக்கு என்ன தேவை என்று தொடங்கினால் அண்ணனூரில் உள்ள ஒரு பள்ளி வகுப்பறைக்கும் பொருந்தும்.

ஆவணம் பிறந்த கதை

ஐ.இ.டி.எஃப். அமைப்பின் முதல் கூட்டம் 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்தது. வந்தவர்கள் 21 பேர். 21 பேருக்கு விதிமுறை எதுவும் தேவைப்பட்டிருக்காது. பின்னர் வருகை ஆயிரத்தைத் தாண்டியது. பல நாட்டினர் வரத் தொடங்கினர். அப்போதும் இடம் தேர்வு செய்யும் பொறுப்பு ஒரு சிறு நிர்வாகக் குழுவிடமே இருந்தது.

சிக்கல் 2016இல் வெளிப்பட்டது. நூறாவது கூட்டம் 2017 நவம்பரில் சிங்கப்பூரில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆண்களுக்கிடையேயான பாலுறவைக் குற்றமாகக் கருதும் 377அ என்ற சட்டப்பிரிவு அப்போது சிங்கப்பூரில் நடப்பில் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சி விட்டுச் சென்ற பிரிவு அது. நம் நாட்டின் 377ஆவது பிரிவுக்கு உறவுக்காரர் என்று சொல்லலாம். சில பங்கேற்பாளர்கள், குடும்பத்துடன் அந்த நாட்டுக்கு வருவது தங்களுக்குப் பாதுகாப்பா என்று கேட்டார்கள். வேறு சிலர், எந்த நாட்டின் சட்டத்தைத்தான் குறை சொல்ல முடியாது, அப்படிப் பார்த்தால் எங்கே கூடுவது என்று கேட்டார்கள். நிர்வாகக் குழு எல்லோரிடமும் கருத்துக் கேட்டு, மறுபடி ஆராய்ந்து, கடைசியில் சிங்கப்பூரையே உறுதி செய்தது. கூட்டமும் நடந்தது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் அந்தப் பிரிவை நீக்கியது. அவை பின்னால் நடந்தவை.

இதற்கிடையே 2017 ஜனவரியில் அமெரிக்கா சில நாட்டினர் உள்ளே வரத் தடை விதித்தது. 2018 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கவிருந்த 102ஆவது கூட்டம் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்கு மாற்றப்பட்டது. ஆசியாவில் ஒரு சிக்கல் என்றால் அமெரிக்காவிலும் ஒரு சிக்கல் உண்டு என்பது இதனால் எல்லோருக்கும் தெளிவானது.

இந்த வாக்குவாதங்களுக்குப் பிறகு, தனிப் பணிக்குழு அமைத்து விவாதித்து எழுதப்பட்டதே ஆர்.எஃப்.சி. 8718. அதனுடன் ஆர்.எஃப்.சி. 8719 என்ற சிறு ஆவணமும் வந்தது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என மூன்று பகுதிகளிலும் முறை வைத்துக் கூட வேண்டும் என்ற கொள்கையை அது பதிவு செய்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சண்டைக்கு முன் எழுதியிருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கக்கூடியதை, சண்டைக்குப் பின் எழுத நான்காண்டு ஆயிற்று.

ஆவணத்தின் சிறப்புகள்

முதல் சிறப்பு, விதிக்கு முன் காரணத்தைச் சொல்வது. ஏன் கூடுகிறோம், யாரையெல்லாம் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம், செலவை ஏன் பார்க்கிறோம் என்பவற்றை முதலில் வைத்து, அதன் பிறகே அரங்கம், விடுதி, உணவு பற்றிப் பேசுகிறது. காரணம் எழுதப்பட்டிருந்தால், விதி பொருந்தாத சூழலில் என்ன செய்வது என்பதைப் பின்னால் வருபவர் தாமே முடிவு செய்துகொள்வார். வகுப்பில் கணக்குக்கு விடை மட்டும் எழுதிய மாணவனுக்கும் வழிமுறை எழுதிய மாணவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இரண்டாவது சிறப்பு, தேவைகளைத் தரம் பிரித்திருப்பது. கட்டாயமானவை, முக்கியமானவை, பிற என மூன்று தட்டுகள். கட்டாயத் தட்டில் மிகக் குறைவாகவே வைத்திருக்கிறார்கள். போதிய இடம், சக்கர நாற்காலி செல்லும் வசதி, நேரில் வருபவருக்கும் தொலைவிலிருந்து சேர்பவருக்கும் போதிய இணைய இணைப்பு ஆகியவை அதில் அடங்கும். பயணச் செலவு, நுழைவு இசைவு, உடல்நலப் பாதுகாப்பு, பலவகை உணவுப் பழக்கத்தினருக்கும் அருகில் கிடைக்கும் சாப்பாடு போன்றவை முக்கியத் தட்டில் உள்ளன. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் நல்லது என்பது போன்ற விருப்பங்கள் மூன்றாவது தட்டில் உள்ளன.

மூன்றாவது சிறப்பு, எதற்காகக் கூடவில்லை என்று ஒரு பட்டியல் தருவது. ஒரு நாட்டின் அரசியலைப் பாராட்டவோ கண்டிக்கவோ அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. தலை எண்ணிக்கையைக் கூட்டுவது நோக்கமில்லை. ஊர் சுற்றிப் பார்ப்பதும் நோக்கமில்லை. இந்தப் பகுதியைப் படித்தபோது, நம் ஊருக்கு இதைவிடத் தேவையான பகுதி வேறு இல்லை என்று தோன்றியது. தமிழில் கூட்டம் என்ற சொல்லுக்கே இரண்டு பொருள். கூடிப் பேசுவதும் கூட்டம், திரண்டு நிற்பதும் கூட்டம். நிகழ்ச்சி முடிந்து வந்தவரிடம் "கூட்டம் எப்படி?" என்று கேட்டால், என்ன பேசினார்கள் என்று அவர் சொல்வதில்லை, எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் சொல்கிறார். நம் குழுக்கள் எழுதும் ஆவணத்தில், பொன்னாடை போர்த்துவதற்காகவோ நினைவுப் பரிசு வழங்குவதற்காகவோ புகைப்படத்தில் நாற்காலிகள் நிரம்பித் தெரிவதற்காகவோ நாம் கூடவில்லை என்று ஒரு வரி இருந்தால், காலை அமர்வில் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

நான்காவது சிறப்பு, இடத்தைத் தேர்வு செய்யும் முறையையும், யார் எதற்குப் பொறுப்பு என்பதையும் பொதுவில் எழுதி வைத்து, அதைக் காலத்துக்கேற்பத் திருத்தி வர வேண்டும் என்று கட்டளையிடுவது. எழுதியவர்கள் தங்களையும் கட்டிப்போட்டுக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 9712 என்ற திருத்த ஆவணம் வந்து, ஐந்தாண்டு அனுபவத்தில் பொருந்தாமல் போனவற்றைச் சரிசெய்தது.

ஆவணத்தின் குறைகள்

குறைகளும் உண்டு. முதலாவது, அது பெரிய விடுதிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆயிரம் பேர் ஒரு வாரம் தங்கும் கூட்டத்துக்கு அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் உலகின் பல ஊர்கள் தெரியாமலே போய்விடும். 2025 வரை இந்தியாவில் ஐ.இ.டி.எஃப். முழுக்கூட்டம் ஒருமுறைகூட நடக்கவில்லை. இத்தனை மென்பொருள் பொறியாளர்கள் உள்ள நாட்டில் நடக்காததற்கு இந்த ஆவணம் மட்டும் காரணமல்ல, ஆவணத்துக்கு முன்னும் நடக்கவில்லை. ஆயினும் அந்த நிலையை மாற்ற இது எதுவும் செய்யவில்லை.

இதற்கு மாற்றாக ஒரு நிகழ்வைச் சொல்லலாம். விக்கிமீடியா இயக்கத்தின் உலக மாநாடான விக்கிமேனியா 2016இல் இத்தாலியின் ஏசினோ லாரியோ என்ற மலைக்கிராமத்தில் நடந்தது. ஆயிரம் பேர்கூட வசிக்காத கிராமம் அது. அரங்கம், விடுதி என்று அளவுகோல் வைத்திருந்தால் அந்த ஊர் முதல் சுற்றிலேயே விழுந்திருக்கும். மறுபக்கம், மலைச்சரிவு வீதிகள் நடக்க இயலாதவருக்கு எளிதல்ல என்பதும் உண்மை. சிறிய ஊருக்கு வாய்ப்புத் தருவதும் எல்லோரும் வந்து சேர வழி செய்வதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எதற்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்பதாவது பதிவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது குறை, நுழைவு இசைவு பற்றியது. வர விரும்புவோரில் மிகப் பெரும்பான்மையினர் வர முடிந்தால் போதும் என்பதே ஆவணத்தின் அளவுகோல். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வர முடியாத அந்தச் சிறுபான்மையினர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களாக இருப்பதில்லை. கடவுச்சீட்டின் நிறத்தைப் பொறுத்து, அதே நாட்டினர்தாம் திரும்பத் திரும்ப வெளியே நிற்கிறார்கள். பத்துக் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வீதம் வந்தார்கள் என்று கணக்குப் பார்த்தால் தேர்ச்சி. பத்துக் கூட்டத்துக்கும் வர முடியாமல் போனவர் ஒரே ஆள் என்று பார்த்தால் தோல்வி.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, இலங்கையிலிருந்து வந்த தமிழறிஞர்கள் சிலர், பேராசிரியர் கா. சிவத்தம்பி உட்பட, மாநாட்டில் கலந்துகொள்ள விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது தொழில்நுட்ப மாநாடு அல்ல. ஆனால் கூட்டத்தை ஏற்று நடத்துவதில் முதல் தேவை எது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் நமக்கு வேண்டாம். பந்தல் இருந்தது, விருந்து இருந்தது, அழைப்பிதழும் இருந்தது. அழைக்கப்பட்டவர் உள்ளே வர முடியவில்லை. பல நாடுகளில் மாறி மாறி மாநாடு நடத்தும் உத்தமம் போன்ற அமைப்புக்கு இந்த ஒரு வரி மிக முக்கியம்: அழைக்கப்படும் எந்த நாட்டவருக்கு இங்கே நுழைவு கடினம் என்பதை ஏற்று நடத்துபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மூன்றாவது குறை, அரசியல் எங்கள் நோக்கமல்ல என்று ஒதுங்குவது. ஒரு பொறியியல் அமைப்பு நாடுகளுக்கு நடத்தைச் சான்றிதழ் கொடுக்கப் புறப்படக் கூடாது என்பது சரியே. ஆனால் தன்னைக் குற்றவாளி என்று சொல்லும் சட்டம் உள்ள ஊருக்குச் செல்பவருக்கு அது அரசியல் கேள்வி அல்ல, பத்திரமாகத் திரும்புவேனா என்ற கேள்வி. இந்த இரண்டையும் ஆவணம் தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை.

எழுதாத விதியும் விதியே

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐ.ஐ.டி. வளாகத்தில், விண்வெளிப் பொறியியல் துறையின் ஒரு வகுப்பறையில் கூடி வந்தது. பைத்தான் குழு நான்காம் சனிக்கிழமைகளில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் கூடி வந்தது. இடம் தந்த நிறுவனங்களுக்கும், விடுமுறை நாளைத் தந்த தன்னார்வலர்களுக்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். இதில் ஐயமில்லை.

ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இரண்டும் தென்சென்னை. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய நிறுவன அலுவலகங்களில் நடக்கும் கூட்டங்களும் தென்சென்னை. ஆவடியிலும் பூந்தமல்லியைச் சுற்றியும் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உள்ளது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. பொறியியல் படிப்பவருக்கும் அதில் வேலை செய்பவருக்கும் இங்கே குறைவில்லை. ஆனாலும் அண்ணனூரிலிருந்து ஒரு மாணவி அந்தக் கூட்டங்களுக்குப் போக வேண்டுமென்றால், மின்தொடரில் சென்ட்ரல் போய், சாலையைக் கடந்து பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்து, இறங்கி, வளாகத்துக்குள் மறுபடியும் ஒரு தொலைவு போக வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் முடிந்தால் வீடு சேர எட்டரை ஆகும். அவள் வீட்டில் "போய் வா" என்று சொல்வார்களா என்பதைப் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய எவரும் அறிவார்கள்.

யாரும் அவளை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் தென்சென்னையில் இருக்க முடிந்தவர்களுக்கு மட்டும் என்று எங்கும் எழுதவும் இல்லை. ஆனால் நடப்பது அதுதான். எழுதப்படாததால் அதைச் சுட்டிக்காட்டி மாற்றச் சொல்லவும் இடமில்லாமல் போகிறது.

என் அனுபவம் ஒன்று. பள்ளியில் பணியாற்றியபோது ஒரு சனிக்கிழமை, மேல்நிலை வகுப்பு மாணவர்கள் ஏழு பேரை ஒரு தொழில்நுட்பக் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். ஒரு நிறுவனத்தின் வளாகத்தில் நடந்தது. அனைவரும் வருக என்று அழைப்பில் இருந்தது. வாயிற்காவலர் ஒவ்வொருவரிடமும் அரசு அடையாள அட்டையின் அசல் கேட்டார். மாணவர்களிடம் பள்ளி அட்டை மட்டுமே இருந்தது. அவர் மேல் தவறில்லை, அவருக்கு இடப்பட்ட கட்டளை அது. கூட்டத்தை ஏற்பாடு செய்த இளைஞர் ஓடி வந்து, யார் யாரையோ தொலைபேசியில் அழைத்து, எங்களை உள்ளே விடச் செய்தார். நாற்பது நிமிடம் வெயிலில் நின்றோம். அவரும் மிகவும் வருந்தினார். திரும்பும்போது ஒரு மாணவன், "இனிமே நமக்கு இதெல்லாம் வேணாம் சார்" என்றான். அரங்கில் குளிரூட்டி இருந்தது, நல்ல ப்ரொஜெக்டர் இருந்தது, தேநீர் இருந்தது. அழைப்பில் ஒரு வரிதான் இல்லை.

எழுத வேண்டாம் என்போரின் வாதங்கள்

எழுதக் கூடாது என்பவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. தன்னார்வலர்கள் தம் நேரத்தைச் செலவழித்துச் செய்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு நிபந்தனைப் பட்டியலைக் கொடுத்தால் அடுத்த முறை ஏற்று நடத்த யார் வருவார்? கிடைத்த இடத்தில் கூடுவதுதான் சிறு குழுவின் பலம். மரத்தடியிலும் கூடலாம். விதி எழுதத் தொடங்கினால் விதியைப் பற்றிப் பேசவே கூட்டம் போட வேண்டியிருக்கும். அரசு அலுவலகப் படிவம்போல் ஆகிவிடும்.

இந்த அச்சம் பொய்யல்ல. பள்ளிகளில் ஒரு சிறு சுற்றுலாவுக்குக்கூட எத்தனை படிவம் நிரப்ப வேண்டும் என்பதை அறிந்தவன் நான். ஆனால் இந்த வாதம் கவனிக்காத ஒன்று உண்டு. சிறு குழுக்களிலும் தேவைப் பட்டியல் ஏற்கனவே இருக்கிறது. அது பத்தாண்டுகளாகக் கூட்டம் நடத்தி வரும் ஓரிருவரின் மனத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் ப்ரொஜெக்டருக்கு எந்த வயர் வேண்டும், எந்த வாயிலில் யாரைப் பார்க்க வேண்டும், சாவி யாரிடம், பெண்கள் கழிவறை எந்த மாடியில் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேலை மாறி வேறு ஊர் போனால் எல்லாம் அவர்களோடு போய்விடும். புதிதாக ஏற்று நடத்த நினைப்பவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தயங்குவார். பட்டியலைக் கண்டு தயங்குபவரைவிடப் பட்டியல் இல்லாததால் தயங்குபவர் அதிகம் என்பது என் கருத்து. "எங்கள் பள்ளியில் நடத்தலாமா?" என்று கேட்க ஓர் ஆசிரியருக்குத் துணிவு வர வேண்டுமானால், "இவ்வளவு இருந்தால் போதும்" என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

உத்திரமேரூர் தரும் பாடம்

கூட்டத்துக்கு விதி எழுதுவது நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் சபை கூடிய இடத்தின் சுவரிலேயே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை பொறிக்கப்பட்டது. பாடநூல்களில் குடவோலை முறை என்று படித்திருப்போம். அது இடத்துக்கான விதி அல்ல, ஆளுக்கான விதி. ஆயினும் நம் கேள்விக்கு அதில் இரண்டு பாடங்கள் உண்டு.

ஒன்று, அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு அல்ல, இரண்டு. 919ஆம் ஆண்டில் ஒன்றும், 921ஆம் ஆண்டில் மற்றொன்றும் பொறிக்கப்பட்டன. முதலாவதில் வயது வரம்பு முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்று இருந்தது. இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறியது. கல்லில் வெட்டியதையே இரண்டாண்டில் திருத்தியிருக்கிறார்கள். எழுதிவிட்டால் மாற்ற முடியாது என்பவர்களுக்கு இதுவே விடை.

இரண்டு, அந்த விதி யாரை வெளியே நிறுத்தியது என்பது நமக்குத் தெரிகிறது. கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய நல்ல பகுதியோடு இதுவும் சேர்ந்தே சுவரில் இருக்கிறது. எழுதப்பட்டிருப்பதால்தான் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதைப் பாராட்டவும் முடிகிறது, குறை சொல்லவும் முடிகிறது. எழுதாமல் விட்ட ஊர்களில் யார் வெளியே நின்றார்கள் என்பது நமக்குத் தெரியாது.

"வேண்டும்" என்ற சொல்லின் சிக்கல்

தமிழில் எழுதும்போது ஒரு மொழிச் சிக்கலும் உண்டு. தொழில்நுட்ப ஆவணங்களில் கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சொற்களை ஆள்வது வழக்கம். 1997இல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 அச்சொற்களின் பொருளையே வரையறுத்தது. தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் "வேண்டும்" என்று எழுதிவிடுகிறோம். கழிவறை வேண்டும், இணையம் வேண்டும், தேநீர் வேண்டும். மூன்றும் ஒரே எடையில் ஒலிக்கின்றன. தேநீர் கொடுக்க வசதி இல்லாதவர், நம்மால் முடியாது என்று ஒதுங்கிவிடுவார். கழிவறை இல்லாத இடத்துக்காரர், தேநீர் கொடுக்கிறோமே என்று சமாதானம் சொல்வார்.

எனவே தமிழில் எழுதுபவர்கள் "கட்டாயம்", "இருப்பது நல்லது", "இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று மூன்று தலைப்புகளைத் தெளிவாக இட்டுக்கொள்வது நல்லது. மூன்றாவது தலைப்பு வேடிக்கையாகத் தோன்றலாம். சிறிய இடத்துக்காரருக்குத் துணிவு தருவது அதுதான்.

ஒரு பக்க மாதிரி

மாதக் கூட்டம் நடத்தும் முப்பது பேர் குழு ஒன்றுக்கு, ஐ.இ.டி.எஃப். ஆவணத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அதன் விடுதிகளை விட்டுவிட்டு எழுதினால் இப்படி அமையலாம்.

எதற்காகக் கூடுகிறோம்: தெரிந்ததைப் பகிரவும், தெரியாததைக் கேட்கவும், புதியவர்களைச் சேர்க்கவும்.

எதற்காகக் கூடவில்லை: பாராட்டு விழாவுக்காக அல்ல; நிறுவன விளம்பரத்துக்காக அல்ல; தலை எண்ணிக்கைக்காக அல்ல.

கட்டாயம்: பெண்களுக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிவறை. படி ஏற முடியாதவர் வந்து சேரும் வகையில் தரைத்தள அறை அல்லது சாய்தளம் அல்லது மின்தூக்கி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களுக்கு இதைக் கடமையாக்குகிறது என்பதை நினைவில் கொள்க. குடிநீர். வாயிலில் என்ன அட்டை கேட்பார்கள், மடிக்கணினியைப் பதிவு செய்ய வேண்டுமா என்பதை அழைப்பிலேயே அறிவித்தல். பேருந்து அல்லது ரயிலில் வந்து இருட்டும் முன் திரும்பக்கூடிய நேரம். எந்தக் குறையையும் சொல்லக்கூடிய ஒருவரின் பெயர்.

இருப்பது நல்லது: ப்ரொஜெக்டரும் அதற்கான வயரும்; நான்கைந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்; இணைய இணைப்பு; வர முடியாதவர் கைப்பேசி வழியே கேட்க ஒரு ஒலிவாங்கி.

இல்லாவிட்டாலும் பரவாயில்லை: குளிரூட்டி, மேடை, பதாகை, தேநீர், சிற்றுண்டி, சிறப்பு விருந்தினர்.

விலக்கு: கட்டாயம் என்பதில் ஒன்று நிறைவேறாத இடத்தில் கூட நேர்ந்தால், எது இல்லை, ஏன் அங்கே கூடுகிறோம் என்பதை முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட்டுக் கூட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும். ஆண்டுக்கு இரண்டு கூட்டமாவது வழக்கமான பகுதிக்கு வெளியே நடக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் உள்ள கட்டாயங்களில் பணம் கேட்பவை ஓரிரண்டே. மற்றவை முன்யோசனையை மட்டுமே கேட்கின்றன. ஆவடியிலோ அம்பத்தூரிலோ அண்ணனூரிலோ ஒரு பள்ளியின் தரைத்தள வகுப்பறை, தலைமையாசிரியரின் அனுமதி கிடைத்தால், ஒரு சனிக்கிழமை முற்பகலில் இதை நிறைவேற்றிவிடும். கணித அறிவியல் நிறுவனத்தின் அரங்கும் நிறைவேற்றும். பெரிய இடத்துக்கும் சிறிய இடத்துக்கும் ஒரே பட்டியல் பொருந்த வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

முடிவுரை

ஆர்.எஃப்.சி. 8718 தொழில்நுட்பக் குழுக்கள் படிக்க வேண்டிய ஆவணம். அதன் முறையை எடுத்துக்கொள்ளலாம்: காரணம் முதலில், கட்டாயம் குறைவாக, நோக்கமல்லாதவை வெளிப்படையாக, திருத்தம் தொடர்ச்சியாக. அதன் அளவை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வர முடியாத சிறுபான்மையினர் யார் என்ற கணக்கை அது சரியாகப் பார்க்கவில்லை. நாம் எழுதும்போது அந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

இதற்குப் பெரிய குழு அமைக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று, இன்று வராதவர் யார், ஏன் வரவில்லை என்று பத்து நிமிடம் பேசிக் குறித்துக்கொண்டால் முதல் வரைவு கிடைத்துவிடும். அதை எழுதும் வேலையைப் பத்தாண்டாக நடத்தி வருபவரிடம் கொடுக்காமல், முதல் முறை வந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். வழி தேடி அலைந்தது அவருக்குத்தான் நினைவிருக்கும்.